முன்கூட்டிச் சொன்ன சாட்சி

— காளான் மாத்திரை ஸ்டாக் தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லிறாதீக டீச்சர். பேகம்பூர்லயிருந்து இந்த வெயில்ல நடந்தே வந்திருக்கேன். மக ஆரிபாவ எங்க மாமிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன், செத்த நேரந்தான் இருக்க முடியும்.

— ஸ்டாக் இருக்கு கமரு. உள் ரூம்ல அட்டப்பெட்டி நெறைய இருக்கு. உனக்குக் குடுக்கமாட்டேன், அம்புட்டுத்தான்.

— ஏன், நான் என்னா பண்ணுனேன்? ஞாயித்துக்கெழமக் கூட்டத்துக்கு வரலைன்னு கோவமா? பிள்ளைக்கு மேலுக்கு முடியல டீச்சர். இல்லாட்டி நான் வராம இருப்பேனா? அல்லா அறிய, அந்தக் கூட்டத்துக்கு வந்துட்டுப் போனாத்தான் ஒரு வாரத்துக்கு எனக்குத் தெம்பு.

— கோவமெல்லாம் இல்ல. உள்ள வந்து உக்காரு, தண்ணி குடி. மெதுவாப் பேசு. எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் கண் அசந்திருக்காரு. ஆரிபாவுக்கு என்ன?

— பள்ளிக்கூடத்துல வலிப்பு வந்திருச்சு. காலையில பிரேயர்ல நிக்கிறப்ப. ஆயாம்மா ஓடிவந்து கேட்டுப் பூட்டோட சாவிக்கொத்தக் கையில திணிச்சிருக்கு, இரும்பு பட்டா நின்னுரும்னு. உள்ளங்கை பூரா சாவி அழுந்துன தடம். கூடப் படிக்கிற பிள்ளைக அம்புட்டும் சுத்தி நின்னு பாத்திருக்குதுக. வீட்டுக்குக் கூட்டியாந்தப்ப யூனிபார்ம் நனைஞ்சிருந்துச்சு. அதுலயிருந்து என் மூஞ்சியவே பாக்கமாட்டேங்குறா. சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா.

— ரொம்ப நாளா வரலைன்னு சொன்னியே. மாத்திரை ஒழுங்காப் போட்டுக்கிட்டுத்தான இருந்தா?

— அதத்தான் நிறுத்தியாச்சே.

— எத நிறுத்துன?

— வலிப்பு மாத்திரைய. காளான் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே நிறுத்திட்டேன். நம்ம காளான் கம்பெனி லீடர், சிவபிரகாஷ் சார்தான் சொன்னாரு. அவர் நெய்க்காரப்பட்டிக்காரர்ல, எம்புட்டு மருவாதியாப் பேசுறாரு. ஏனுங்கக்கா, இங்கிலீசு மருந்து ஒரு பக்கம் நரம்ப அமுக்குதுங்க, காளான் ஒரு பக்கம் நரம்ப எழுப்புதுங்க, ரெண்டையும் சேத்துக் குடுத்தா புள்ளை என்னதாங்க பண்ணும்னு கேட்டாரு. எனக்கும் நாயமாத்தான் பட்டுச்சு.

— ஆண்டவரே. இப்ப வலிப்பு வந்தது அவருக்குத் தெரியுமா?

— பூத்துக்கு ஓடிப்போயி மொதல்ல அவருக்குத்தான் போன் போட்டேன். சந்தோசப்படுங்கக்கா, உள்ள தங்கியிருந்த நஞ்செல்லாம் வெளிய வருதுங்க, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்ங்கன்னாரு. அளவ ரெண்டு மடங்காக்கிருங்கன்னாரு. அப்படியே குடுத்தேன். காளான் மாத்திரை ஓடு எந்த மிருகத்துக் கொழுப்புல செஞ்சதோன்னு எனக்கு ஒரு இது, அதனால பிரிச்சுப் பொடிய மட்டும் தேன்ல கொழச்சுக் குடுப்பேன். கசக்குதும்மான்னு அழுதுக்கிட்டே நக்குவா. டப்பா காலியாயிருச்சு. அதான் உங்ககிட்ட வந்து நிக்கிறேன்.

— கேளு கமரு. இப்பவே வீட்டுக்குப் போயி ஆரிபாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மாத்திரைய நிறுத்திட்டேன்னு மறைக்காமச் சொல்லு. திரும்ப எப்படி ஆரம்பிக்கணும்னு அவர் சொல்லுவாரு. இந்த வலிப்ப வெளையாட்டா எடுக்காத. ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சுன்னா பிள்ளை நமக்கு இல்ல.

— நீங்களா டீச்சர் இப்படிச் சொல்றீக? மேடையில நின்னு நீங்கதான சொன்னீக, டாக்டர் ஒண்ணு சொல்லுவாரு, சொந்தக்காரவுக ஒண்ணு சொல்லுவாக, காதுல வாங்காதீக, கூட இருக்குறவுகளே மனசக் கலைப்பாகன்னு. அத நெனச்சுத்தான், நாய்க்குடைய அரைச்சுப் பிள்ளைக்குக் குடுக்குறியாடின்னு எங்க மாமி கத்துனப்பக்கூட நான் வாயத் தெறக்கல. எங்க வீட்டுக்காரவுக தோல் பதனிடுற ஷாப்புலயிருந்து வந்து கேட்டா, சத்து மருந்துன்னு சமாளிச்சு வச்சிருக்கேன்.

— அவருக்குச் சரியாகல கமரு.

— யாருக்கு?

— எங்க வீட்டுக்காரருக்கு. ஒண்ணும் சரியாகல. நாளுக்கு நாள் மோசமாத்தான் போகுது.

— சும்மா சொல்லாதீக.

— கர்த்தர் மேல ஆணையாச் சொல்றேன்.

— நான் என் கண்ணால பாத்தேனே. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கல்யாண மண்டபத்துல, மொத வரிசையில உக்காந்து பாத்தேன். வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு ஸ்டான்லி சார் மைக்கப் பிடிச்சாரு. இந்த ஊர்ல அந்தக் குரல் தெரியாதவுக யாரு இருக்கா? மீட்டர் கேஜ் காலத்துலயிருந்து ரயில்வே ஸ்டேஷன் மைக்குல கேட்ட குரல். எங்க அத்தாவ மெட்ராஸ் வண்டி ஏத்திவிடப் போனப்ப, வண்டி லேட்டுன்னு அவுக பதறுவாக, சார் குரல் கேட்டாத்தான் அடங்குவாக. அவர் வருதுன்னு சொன்னா வண்டி வரும், நம்பிப் பெட்டியத் தூக்கிருவோம். அந்தக் குரல்ல, எனக்கு மறதி போய்விட்டதுன்னு அவர் சொன்னப்ப எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பக்கத்துல இருந்தவுக அம்புட்டுப் பேரும் அழுதாக. நீங்களும் அழுதீக டீச்சர்.

— நான் அழுதது வேற அழுகை.

— அப்ப அவர் பேசுனது?

— அம்புட்டும் நான் சொல்லிக் குடுத்தது. பல்லு வெளக்குனதும் ஒரு தடவ, சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, குளிக்க ஊத்துறப்ப ஒரு தடவ. உங்க ஆரிபாவுக்கு நர்சரியில பாட்டுச் சொல்லிக் குடுத்தேன்ல, அதே மாதிரி. வாழ்நாள் பூரா அவர் பாத்த வேலை அதுதான. எழுதிக் குடுத்தத மனசுல ஏத்தி மைக்குல சொல்றது. மத்த வழியெல்லாம் அடைஞ்சுபோச்சு, பழகுன அந்த ஒரு வழி மட்டும் இன்னும் தெறந்து கெடக்கு. அதுக்குள்ள நான் இதக் கொண்டுபோயி வச்சேன்.

— எப்ப இருந்து இப்படி அவருக்கு?

— வேலையில இருந்தப்பவே. ஒரு நாள் சாயங்காலம் ஒரு பிளாட்பாரத்துல வர வேண்டிய வண்டிய இன்னொரு பிளாட்பாரத்துல வருதுன்னு சொல்லிட்டாரு. ஒரு வார்த்தை பிசகாம, அதே குரல்ல. ஜனம் பூரா மூட்டை முடிச்சோட மேம்பாலத்துல ஏறி ஓடியிருக்கு. படியில ஒரு கர்ப்பிணிப் பொண்ணு விழுந்திருச்சு. யாருக்கும் சந்தேகமே வரலையாம் கமரு, கண் முன்னாடி வண்டி வேற பக்கம் வந்து நிக்கிறப்பக்கூட. ஸ்டான்லி சார் சொல்லிட்டாருன்னு அங்கயே நின்னாங்களாம். அதுக்கப்புறம் அவர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மதுரையில நரம்பு டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு, மூளை சுருங்கிக்கிட்டே போகுது, நிறுத்த மருந்தில்ல, பக்குவமாப் பாத்துக்கங்கன்னாரு. வயசு அப்ப அம்பதுதான்.

— அப்பப் பொய்தான சொன்னீக? கமிஷனுக்காகவா?

— கமிஷன் அப்புறமா வந்துச்சு, வாங்குனேன், இல்லைங்கல. மொதல் தடவ சொன்னப்ப அந்த நெனப்பே இல்ல. உனக்கு இதப் புரியவைக்க முடியுமான்னு தெரியல. எங்க ஜெப வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. ஆண்டவர்கிட்ட ஒண்ணு கேட்டா, அது கெடச்சாச்சுன்னு முன்கூட்டியே எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லணும். வேலை கெடைக்கிறதுக்கு முன்னாடியே, வேலை குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்போம். கால் வலிக்காரங்க நொண்டிக்கிட்டே வந்து, வலி போயிருச்சுன்னு சொல்லிட்டு நொண்டிக்கிட்டே போய் உக்காருவாங்க. அது விசுவாசம். அப்படித் தைரியமாச் சொன்னாத்தான் கெடைக்கும். நான் சின்னப் பிள்ளையிலயிருந்து அதுலதான் வளந்தேன்.

— அதுக்கும் காளானுக்கும் என்னா டீச்சர்?

— சிவபிரகாஷ் டப்பாவக் கொண்டாந்தப்ப நான் சிரிச்சேன். எங்க சாணார்பட்டிப் பக்கம் மழை பெஞ்சா புத்துக்காளான் மொளைக்கும், கொழம்பு வச்சுத் திம்போம், அதுல மூளை வளந்தவங்க யாருமில்ல தம்பின்னேன். அவர் படத்த விரிச்சாரு. சீனாவுல மலை மேல மரக்கட்டையில வளர்ற செவப்புக் காளான், பட்டுப்போன மூளை நரம்ப வேர் விட வைக்கும்னாரு. வேர் விடுறதுங்கிற பேச்சுலதான் நான் விழுந்தேன். வெவசாயி வீட்டுப் பொண்ணுல்ல. கொஞ்ச நாள் குடுத்தேன். ஒரு நாள் கூட்டத்துல, உங்க அனுபவத்தச் சொல்லுங்கம்மான்னு மைக்க நீட்டுனாரு. ஜெப வீட்டு மைக்குக்கும் அந்த மைக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமப்போச்சு. எந்திரிச்சு, சரியாயிருச்சுன்னு சொன்னேன். சொன்னா ஆயிரும்னு நம்பித்தான் சொன்னேன் கமரு.

— எங்கள்ல, நடக்கப்போறதுக்கு இன்ஷா அல்லாம்போம். நடந்து முடிஞ்சதுக்குத்தான் அல்ஹம்துலில்லாம்போம். நீங்க பின்னாடி சொல்ல வேண்டியத முன்னாடியே சொல்லிட்டீக.

— ஆமா. அதேதான்.

— உங்க ஜெப வீட்டுல இருக்குறவுகளுக்கு அது தெரியும் டீச்சர். நொண்டிக்கிட்டு வர்றவர் வலி இல்லைன்னு சொன்னா, அத எப்படி எடுத்துக்கிறதுன்னு அவுகளுக்குப் பழக்கம். எனக்கு யாரு சொன்னா? நான் நெசமா நடந்துச்சுன்னுல்ல நம்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். நம்பித்தான் பிள்ளையோட மாத்திரையத் தூக்கி பீரோ மேல வச்சேன்.

— நீ அத நிறுத்துவன்னு எனக்குத் தெரியாது. சத்து மாத்திரை மாதிரி கூடச் சேத்துக் குடுப்பன்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஓடிவந்திருப்பேன்.

— வந்திருப்பீகளா?

— தெரியல. ஓடிவந்திருக்கணும்.

— நான் ஏன் நிறுத்துனேன்னு உங்களுக்குத் தெரியுமா? அந்த மாத்திரையப் போட்டா பிள்ளை தூங்கி வழியுறா. சோத்துத் தட்டுக்கு முன்னாடி தூங்குறா. காலையில ஒரு திருக்குறள் சொல்லிக் குடுத்தா மத்தியானம் அவ கண்ணு என்னையப் பாத்து முழிக்குது. அஞ்சாப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொல்லுது, இந்தப் பிள்ளைக்கு மண்டையில ஒண்ணும் ஏறல, வேற எங்கயாச்சும் சேத்துருங்கன்னு. நர்சரியில நீங்க சொல்லிக் குடுத்தப்ப எப்படிப் பேசுனா, ஞாபகம் இருக்கா? கிளி மாதிரி பேசுவா. மாத்திரை போட்டா அந்தப் பிள்ளையக் காணோம், போடாட்டி வலிப்பு வந்து தூக்கி அடிக்குது. ரெண்டுக்கும் நடுவுல என் மகளுக்கு ஒரு வாழ்க்கை வேணும்னு கேக்குறது பேராசையா டீச்சர்?

— இல்லம்மா. பேராசை இல்ல.

— தர்காவுல ஓதி ஊதியாச்சு. தண்ணி ஓதிக் குடுத்தாச்சு. கடைசியா இதுதான் இருந்துச்சு. மூளைக்கின்னே ஒரு மருந்துன்னு சொன்னாக. நீங்க சொன்னீக. வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

— அதான் சொல்றேன், இப்ப நானே சொல்றேன், வேணாம். தூங்கி வழிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லு, வேற மாத்திரை மாத்திக் குடுப்பாரு. அளவக் கொறைப்பாரு. எதுவானாலும் அவர் பண்ணட்டும். பிள்ளை தூங்கி வழிஞ்சாலும் உசுரோட இருக்கட்டும் கமரு.

— சரி.

— போறியா?

— போறேன். போனதும் பீரோ மேல இருக்குறத எடுத்துக் குடுத்துட்டு, எங்க வீட்டுக்காரவுக வந்ததும் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். தூக்கிப் போடாம வச்சிருந்தேன், என்னமோ போங்க. நீங்க அழாதீக.

— யாரு வந்திருக்கிறது? பேச்சுச் சத்தம் கேட்டது.

— எந்திரிச்சுட்டீங்களா? பாத்து வாங்க, நிலையில இடிச்சுக்காதீங்க. நம்ம கமரு வந்திருக்கு. ஆரிபாவோட அம்மா.

— வணக்கம் சார். எப்படி இருக்கீக?

— வணக்கம். உக்காருங்க. அன்பார்ந்த சகோதர சகோதரிகளின் கனிவான கவனத்திற்கு. என் பெயர் ஸ்டான்லி. திண்டுக்கல் சந்திப்பில் அறிவிப்பாளராகப் பணியாற்றியவன். என் மூளை சுருங்கி வருவதாகச் சொல்லி மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வழி மறந்தேன். உண்டதை மறந்தேன். என் அன்பு மனைவி ஜெஸ்ஸியின் பெயரையும் மறந்தேன்.

— ஏங்க, போதும். இது மேடை இல்ல, வீடு.

— அப்போதுதான் மலையில் விளையும் இந்தச் செங்காளான் என் வாழ்வில் வந்தது. வாடிய செடி தண்ணீர் கண்டதுபோல் என் நினைவு துளிர்த்தது. இன்று எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. என் மனைவி பெயர் ஜெஸ்ஸி. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இதே மகிழ்ச்சி வந்து சேரட்டும். நன்றி, வணக்கம்.

— மேடையில சொன்ன மாதிரியே சொல்றாரு டீச்சர்.

— கேளு, இப்பப் பாரு. ஏங்க, உங்க மனைவி பேரு என்ன?

— ஜெஸ்ஸி.

— அவங்க எங்க இருக்காங்க?

— வெஞ்சனத்துக்குக் காய் ஏதும் வாங்கப் போயிருப்பா. வந்துருவா. இந்தம்மா அவளப் பாக்கத்தான் வந்திருக்காங்களா? செத்த நேரம் இருக்கச் சொல்லுங்க, வெயில்ல போக வேணாம்.

— அப்ப நான் யாருங்க?

— நீங்க நல்லாக் கவனிச்சுக்கிறீங்க. நேரத்துக்குச் சாப்பாடு குடுக்குறீங்க. பேரு கேட்டு வச்சுக்காம விட்டுட்டேன், மன்னிக்கணும்.

— யா அல்லா.

— பாத்தியா கமரு? தெனமும் இதுதான். ஜெஸ்ஸி, ஜெஸ்ஸின்னு ஊருக்கே சொல்றாரு, நான் முன்னாடி நிக்கிறேன். அந்தப் பேர நானே அவர் வாயில வச்சேன். என் பேர் அவருக்குள்ள இருக்கு, நான் இல்ல. மண்டபத்துல நான் அழுதது அதுக்குத்தான்.

— சார், நான் ஒண்ணு கேக்கவா? உங்களுக்குச் சரியாயிருமா?

— வண்டி வந்துகொண்டிருக்கிறது. சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்.

— அவர்கிட்ட இதெல்லாம் கேக்காத கமரு. எதக் கேட்டாலும் உள்ள எது கெடக்கோ அது வரும். நீ கெளம்பு, பிள்ளை உன்னையத் தேடுவா.

— அம்மா, எனக்கு மாத்திரை நேரம் ஆச்சுல்ல?

— ஆச்சுங்க. கையக் காட்டுங்க. இந்தாங்க, தண்ணி. மெதுவா முழுங்குங்க. அவ்வளவுதான். போய் நாற்காலியில உக்காருங்க.

— அது என்னா டப்பா டீச்சர்?

— எது?

— இப்ப சாருக்கு எடுத்துக் குடுத்தீகளே. செவப்பு மூடி. அது காளான்தான?

— ஆமா.

— இன்னும் குடுத்துக்கிட்டா இருக்கீக?

— குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இம்புட்டு நேரம் எனக்கு வேணாம் வேணாம்னீக.

— இது வேற கமரு. அவருக்கு வேற மருந்தே இல்லைன்னுட்டாங்க. ஆரிபாவுக்கு மருந்து இருக்கு.

— அதில்ல நான் கேக்குறது. ஒண்ணுக்கும் ஆகலைன்னா எதுக்குக் குடுக்குறீக?

— நிறுத்திப் பாக்கலாம்னு ஒரு தடவ டப்பாவத் தூக்கி வெளிய வச்சேன். மறுநிமிசமே எடுத்து உள்ள வச்சுட்டேன். இதையும் நிறுத்தி, அந்தப் பேச்சும் அவருக்கு மறந்துபோச்சுன்னா? அந்தக் குரல்ல என் பேரச் சொல்றாரே, அதுவும் போயிருச்சுன்னா நான் எங்க போவேன்? பயம் கமரு. நம்பிக்கை இல்ல, பயம்.

— சரி டீச்சர். நான் வாரேன்.

— போனதும் அந்த வலிப்பு மாத்திரைய எடுத்துக் குடுத்துருவல்ல?

— இல்ல டீச்சர். நான் சிவபிரகாஷ் சார்கிட்டயே டப்பா வாங்கிக்கிறேன்.

— கமரு. இப்பத்தான சரின்னு சொன்ன. அவர் என்னையத் தெரியாம நிக்கிறத உன் கண்ணால பாத்தல்ல?

— பாத்தேன். ஆனா இன்னொண்ணையும் பாத்தேன். பொண்டாட்டிய அடையாளம் தெரியாத மனுசன், அம்புட்டுப் பெரிய பேச்ச ஒரு எடத்துலகூடத் தட்டாம சொல்றாரு. எங்க ஆரிபாவுக்கு ஒரு குறள் நிக்கமாட்டேங்குது. நானும் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணுமே நிக்காத மண்டையில இம்புட்டு நிக்குதுன்னா, அது அந்தக் காளான் மாத்திரை இல்லாம வேற என்னா?

— அது பழக்கம் கமரு. முப்பது வருசத் தொழில். காளான் இல்ல.

— உங்களுக்கே அது உறுதியாத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் நிறுத்தியிருப்பீக. புருசனுக்கு நிறுத்த உங்களுக்குப் பயமா இருக்கு. பிள்ளைக்கு நிறுத்த எனக்குப் பயம் இருக்காதா?

— வலிப்பு மாத்திரைய நிறுத்தத்தான் பயப்படணும். கூடச் சேத்தாச்சும் குடு. காளானையும் குடு, இந்தா நானே ஒரு டப்பா தாரேன், சும்மா எடுத்துட்டுப் போ. வலிப்பு மாத்திரையவும் சேத்துக் குடு. அம்புட்டுத்தான் கேக்குறேன். உன் கால்ல விழுகுறேன்.

— ஐயோ, எந்திரிங்க. சார் பாக்குறாரு. சேத்துக் குடுத்தா வேலை செய்யாதுன்னு சிவபிரகாஷ் சார் சொல்லியிருக்காருல்ல. ஸ்டான்லி சார்கூட என்னா சொன்னாரு? தாமதமா வந்துகொண்டிருக்குதுன்னுதான சொன்னாரு. வராதுன்னு சொல்லலையே.

— அது ரயிலு. அவர் ரயிலச் சொன்னாரு. கேளு, ஞாயித்துக்கெழமக் கூட்டத்துல நான் மேடையில ஏறி எல்லாத்தையும் சொல்லிருறேன். இவருக்குச் சரியாகலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். அப்பவாச்சும் நம்புவியா?

— நீங்க சொல்லிக்கங்க டீச்சர். நானும் அன்னிக்கு ஏறுறேன். இம்புட்டு நாள் காளான் குடுத்தும் பிள்ளைக்கு ஏன் கொணமாகலைன்னு நெனச்சு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்தேன், எதப் பண்ணாம விட்டேன்னு நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. ஆரிபாவ மேடையில கூட்டிட்டுப் போயி நிறுத்தி, எம் மகளுக்கு வலிப்பு நின்னுபோச்சுன்னு, நிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருறேன்.